சத்தமில்லாத வீட்டுக் கணினிக்கு எந்த மதர்போர்டு? (கதை பதிவு செய்வதற்கு)

பாட்டிகதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். ஊர் கோவை. பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்தரை மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். சீலிங் ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் போர்வையைச் செருகிவிட்டு உட்காருவேன். அதற்கப்புறம் அறையில் கேட்பது என் பழைய கம்ப்யூட்டர் மட்டும்தான்.

வாசிக்கும்போது தெரியாது, நிறுத்தும் இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். போன வாரம் வடை சுட்ட பாட்டி கதை பதிவு செய்தேன். நரி கெஞ்சுகிறது, காக்கா பாட வாயைத் திறக்கிறது. அந்த இடத்தில் இரண்டு நொடி விட்டால்தான் பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கும். எனக்கு அந்த இரண்டு நொடியிலும் ‘ஊஊ’ என்று இரைச்சல். மென்பொருளில் இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது.

அதனால் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்யப்போகிறேன். கேம் கிடையாது, கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். பிராசசர் இன்டெல் ஐ5-12400 என்று முடிவு செய்துவிட்டேன். மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகத்தையும் மாட்டும் தாய்ப்பலகை, விலை குறைந்த எச்610 வகையா, அதைவிட விலை கூடிய பி760-ஆ என்பதுதான் குழப்பம். கடையில் கேட்டால், “மதர்போர்டுக்கும் சத்தத்துக்கும் என்ன மேடம் சம்பந்தம், விலை குறைந்ததை வாங்குங்க” என்கிறார். அவர் சொல்வது சரியா?

தறிச்சத்தம் எழுதியது:

பாதி சரிங்க. மதர்போர்டில் பொதுவாகச் சுழலும் பாகம் எதுவும் இல்லை. 2019-இல் ஏஎம்டியின் எக்ஸ்570 வகை வந்தபோது பெரும்பாலான போர்டுகளில் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) மேலேயே ஒரு குட்டி ஃபேன் இருந்தது. நீங்கள் கேட்கும் இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை.

மீதிப் பாதியைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஃபேனும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று உத்தரவு போடுவது மதர்போர்டுதான். ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். அதாவது நிமிடத்துக்கு 1,400 சுற்றில் எரிச்சலூட்டுகிற அதே ஃபேன் 700 சுற்றில் காதுக்கே எட்டாது. 700-க்கு இறக்க போர்டு அனுமதிக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். தறிப் பட்டறைக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவன், ராத்திரியாவது சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஒரு கணினி கட்டினேன். கேபினெட்டோடு வந்த இரண்டு ஃபேனும் மூன்று பின் வகை. போர்டில் ஃபேனைச் செருகும் இடமான ஹெடரோ நான்கு பின், நான்காவது பின்னில் வரும் சைகையால் வேகத்தை மாற்றும் பிடபிள்யூஎம் முறை மட்டும். மூன்று பின் ஃபேனை மாட்டலாம், ஓடும், ஆனால் முழு வேகத்தில்தான் ஓடும். அதன் வேகத்தைக் குறைக்க 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், அந்த ஹெடருக்கு அது தெரியாது. கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் எந்த எண்ணை மாற்றினாலும் ஃபேன் அசைந்துகொடுக்கவில்லை. நான்கு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு மேனுவலைத் திறந்தேன். ஹெடர் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தது.

அதனால், எந்த போர்டாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் அதன் மேனுவலை இறக்கிப் படியுங்கள். எல்லா நிறுவனங்களும் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஃபேன் ஹெடர் எத்தனை, ஒவ்வொன்றும் பிடபிள்யூஎம், டிசி (வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறை) இரண்டையும் ஏற்கிறதா, எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற வேகக்கோட்டைப் பயாஸில் நாமே வரையலாமா, ஏறி இறங்கத் தாமதம் வைக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் படங்களை நம்பி வாங்காதீர்கள்.

பழைய_பெஞ்ச் எழுதியது:

சென்னை ரிச்சி தெருவில் பதினைந்து வருடமாக அசெம்பிள் செய்கிறேன். தறி அண்ணன் சொன்னது நியாயம்தான், ஆனால் செலவையும் பார்க்கணும். 12400-க்கு அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட். எச்610 அதை நன்றாகவே தாங்கும். குரல் பதிவுக்கு பி760 எதற்கு? மிச்சமாகும் காசில் பிராசசரைக் குளிர்விக்கும் நல்ல கூலர் வாங்கினால் சத்தம் அதிகமாகக் குறையும். பிராசசரோடு வரும் சின்ன கூலரை மட்டும் மாட்டாதீங்க சகோ, அதுதான் முதல் வில்லன்.

எச்610 போர்டுகளில் பொதுவாகக் கேபினெட் ஃபேனுக்கு ஒன்றோ இரண்டோ ஹெடர்தான் இருக்கும். ஒய் கேபிள் போட்டு இரண்டு ஃபேனை ஒரே ஹெடரில் மாட்டிடலாம். ஒரு ஹெடர் சாதாரணமாக 1 ஆம்பியர் தாங்கும், 120 மி.மீ. ஃபேன் ஒன்று 0.1, 0.2 ஆம்பியர்தான் இழுக்கும்.

தறிச்சத்தம் எழுதியது:

கூலர் விஷயத்தில் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன் அண்ணே. ஒய் கேபிளும் சரிதான். ஆனால் இரண்டு ஃபேனும் ஒரே உத்தரவுக்கு ஓடும், முன்னால் ஒரு வேகம் பின்னால் ஒரு வேகம் என்று பிரித்து வைக்க முடியாது. அது எதற்கு வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

சின்னப்பெட்டி எழுதியது:

நான் வேறு வழி சொல்கிறேன். ஃபேனே வேண்டாமே! இன்டெல் என்100 பிராசசர் ஒட்டியே வரும் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டுகள் இருக்கின்றன. அசுஸ் பிரைம் என்100ஐ-டி, ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் இரண்டிலும் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் மட்டும்தான். ஏஎஸ்ராக் போர்டு 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரிலேயே ஓடும், உள்ளே வைக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் கூட வேண்டியதில்லை. நான்கு கோர், 6 வாட். குரல் பதிவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? என் வீட்டில் ஒன்று ஹால் அலமாரியில் இரவு பகலாக ஓடுகிறது. அது ஓடுவதே தெரியாது.

யாழ்ப்பனை எழுதியது:

நானும் என்100 பாவிக்கிறேன், நல்ல சாமான். பதிவுக்குப் போதும் என்பதும் உண்மை. ஆனால் அக்கா பதிவோடு நிற்க மாட்டா. பிறகு இசை சேர்க்கவேணும், நாலைந்து தடத்தை ஒன்றாகக் கலக்கவேணும், எதிரொலி சேர்க்கவேணும். அப்போது என்100 மூச்சு வாங்கும். ரேமும் ஒற்றைச் சேனல்தான், தரவு போக ஒரே பாதை. இன்னொன்று, சீலிங் ஃபேன் நிறுத்திய அறை 33 பாகைக்குப் போகும். ஐரோப்பாவில் 21 பாகை அறையில் வைத்து எழுதிய விமர்சனத்தை நம்பி நாங்கள் வாங்கினால் அந்த 12 பாகையையும் எங்கள் கணக்கில் கூட்டவேணும். ஃபேன் இல்லாத போர்டில் அதைத் தணிக்க வேறு வழி இல்லை.

எனக்குப் பிடித்தது, பெரிய ஹீட்சிங்கில் பெரிய ஃபேன் மெல்லச் சுற்றுவதுதான்.

பாட்டிகதை எழுதியது:

பின்னணி இசை நிச்சயம் சேர்ப்பேன். சின்னப்பெட்டி நண்பருக்கு நன்றி, அம்மா வீட்டுக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. எனக்கு 12400-தான். இப்போது மேனுவல்களை இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு எச்610 போர்டில் சிபியு ஹெடர் போக ஒன்றே ஒன்று. ஒரு பி760-இல் மூன்று. இரண்டிலும் டிசி, பிடபிள்யூஎம் இரண்டும் உண்டு என்று போட்டிருக்கிறது.

சுருதிப்பெட்டி எழுதியது:

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள் அம்மா. நான் கச்சேரி ஒலிப்பதிவு செய்பவன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செலவு செய்து பலர் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதைத் திறந்து ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ போடுங்கள். மேடு பள்ளமாக ஒரு கோடு வரும். ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களின் ஹெர்ட்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன் என்றால் நிமிடச் சுற்றை 60-ஆல் வகுத்து, இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 900 சுற்று, ஏழு இறக்கை என்றால் 105 ஹெர்ட்ஸ். அந்த எண்ணில் ஊசி நின்றால் அது ஃபேன்தான். 7,200 சுற்று ஹார்டு டிஸ்க் என்றால் 120-இல் நிற்கும். 50, 100 என்று நின்றால் கரண்ட் லைனிலிருந்து வருகிறது, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒலிப்புத்தகத்துக்கு ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் அளவு, பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே; எண் கீழே போகப்போக அமைதி. உங்களுக்கு இப்போது எவ்வளவு என்று பாருங்கள்.

பாட்டிகதை எழுதியது:

ஐயா, செய்தேன். -47 வருகிறது. அதைவிட ஆச்சரியம், பெரிய ஊசி 120-இல் நிற்கிறது! அடுத்தது 231. டார்ச் அடித்து சிபியு ஃபேனின் இறக்கையை எண்ணினேன், ஏழு. பயாஸில் 1,980 சுற்று என்று காட்டுகிறது. 1,980-ஐ 60-ஆல் வகுத்தால் 33, ஏழால் பெருக்கினால் 231. சின்ன வயதில் கணக்கு டீச்சர் சரி போட்டபோது வந்த சந்தோஷம் வந்தது.

120 என்றால் ஹார்டு டிஸ்க்தானே? இத்தனை நாள் ஃபேனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

அதேதான். உறுதி செய்ய, கணினியை அணைத்து ஹார்டு டிஸ்கின் கேபிள்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

பாட்டிகதை எழுதியது:

விண்டோஸ் தனியாக, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியில் இருப்பதால் கழற்ற முடிந்தது. 120-இல் இருந்த ஊசி காணோம். -52 ஆகிவிட்டது. ஹார்டு டிஸ்கில் எட்டு வருடப் பதிவுகள் இருக்கின்றன, அவற்றை விட முடியாது. புது கணினியில் அதை எப்படி வைப்பது? ரப்பர் வைத்து மாட்டலாமா?

தறிச்சத்தம் எழுதியது:

ரப்பர் உதவும். ஹார்டு டிஸ்கின் நடுக்கம் கேபினெட் தகட்டில் ஏறி, தகடே ஒலிபெருக்கி ஆகிவிடுகிறது, ரப்பர் அதைக் குறைக்கும். ஆனால் முழுதாகப் போகாது. நான் சொல்வது, அதை உள்ளே வைக்கவே வேண்டாம். வெளிப்பெட்டியில் போட்டு, பதிவு முடிந்த பிறகு யுஎஸ்பியில் செருகி நகல் எடுங்கள். உள்ளே போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி இரண்டு, ஒன்று விண்டோஸுக்கு, ஒன்று பதிவுகளுக்கு.

மதர்போர்டு கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது. எச்610 போர்டுகளில் பெரும்பாலும் எம்.2 இடம் ஒன்றுதான். உங்கள் தேவைக்கு இரண்டு எம்.2, மூன்று கேபினெட் ஹெடர் உள்ள பி760 சரியாக இருக்கும். பழைய பெஞ்ச் அண்ணன் என்ன சொல்கிறார்?

பழைய_பெஞ்ச் எழுதியது:

இரண்டு எம்.2 வேணும்னா பி760-தான், நான் ஒத்துக்கறேன். எஸ்எஸ்டி வேகத்துக்காக மட்டும் காசை இறைக்காதீங்க சகோ. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரே மைக் என்றால் நொடிக்கு 144 கிலோபைட்தான் எழுதும். இருக்கிறதிலேயே மலிவான எம்.2 அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் பார்க்கிறதில்லை. சில போர்டுகள் பிராசசரின் வாட் வரம்பைத் தாங்களாகவே 4,095 என்று வைத்து அனுப்பும். அதாவது வரம்பே கிடையாது. பயாஸில் பிஎல்1 (நீண்ட நேரத்துக்கு), பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு) என்று இரண்டு வரம்பு இருக்கும், இரண்டையும் 65 ஆக்கிடுங்க. இசை கலந்து ஏற்றுமதி செய்யும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஃபேன் பதறாது.

கூலர் வாங்கும்போது கேபினெட் உயரத்தைப் பாருங்க. 120 மி.மீ. டவர் கூலர் 155 முதல் 160 மி.மீ. உயரம் வரும். வாங்கிட்டு வந்து பக்கத் தகடு மூடலைன்னு எத்தனையோ பேர் திரும்பி வந்திருக்காங்க.

யாழ்ப்பனை எழுதியது:

லினக்ஸ் பாவிக்கிறவர்கள் யாராவது இதைப் பிறகு வாசித்தால் ஒரு குறிப்பு. போர்டில் ஃபேனையும் வெப்பத்தையும் கவனிக்கும் சிப் எது என்று பாருங்கோ. நுவோட்டன் சிப் என்றால் பெரும்பாலும் கெர்னலில் இருக்கிற என்சிடி6775 டிரைவரே போதும், எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருள் உடனே காட்டும். ஐடிஇ சிப் உள்ள புது போர்டுகளில் வெளியிலிருந்து டிரைவர் எடுத்துப் போடவேண்டி வரலாம். எதுவானாலும் வேகக்கோட்டைப் பயாஸிலேயே எழுதிவிடுவது மேல். இயங்குதளம் தூங்கினாலும் உறைந்தாலும் ஃபேன் தன் வேலையைச் செய்யும்.

பாட்டிகதை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் பி760 போர்டு, இரண்டு எம்.2, 120 மி.மீ. டவர் கூலர், முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். எஸ்எம்பிஎஸ், சுமை குறைவாக இருக்கும்போது தன் ஃபேனை நிறுத்திக்கொள்ளும் வகை. தம்பி வந்து மாட்டிக் கொடுத்தான்.

முதல் இரவு ஏமாற்றமாக இருந்தது. பெரும்பாலும் அமைதிதான், ஆனால் நான் பிரவுசரைத் திறந்தாலோ ஒரு கோப்பைச் சேமித்தாலோ ஃபேன் ‘விர்ர்’ என்று ஏறி, ஐந்து நொடியில் இறங்குகிறது. சீரான இரைச்சலைவிட இது மோசம். கூடவே ஒரு ‘ஊம்... ஊம்... ஊம்’, யாரோ தூரத்தில் தாலாட்டுவது போல, ஏறி ஏறி இறங்குகிறது.

தறிச்சத்தம் எழுதியது:

இரண்டுமே பயாஸில் தீரும், கவலைப்படாதீங்க.

முதலாவது. பிராசசரின் வெப்பம் ஒரு சின்ன வேலைக்குக்கூடக் கண நேரத்தில் 15, 20 டிகிரி குதித்துவிட்டு இறங்கும். ஹீட்சிங்க் அதற்குள் சூடாகவே ஆகியிருக்காது, ஆனால் ஃபேன் பயந்து ஏறுகிறது. பயாஸில் ஃபேன் பக்கத்தில் ஏறுவதற்கான தாமதம், இறங்குவதற்கான தாமதம் என்று இருக்கும். அசுஸில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். தாமதத்தை இருப்பதிலேயே அதிகமாக வையுங்கள். பிறகு கோட்டை இப்படி வரையுங்கள்: 60 டிகிரி வரை 30 சதவீதம், அதுவரை கோடு படுத்தே இருக்கட்டும், 70-இல் 40, 80-இல் 60, 90-இல் 100. உங்கள் பிராசசரின் எல்லை 100 டிகிரி, ஆகவே 60-ஐப் பார்த்துப் பதற வேண்டாம்.

இரண்டாவதுக்காகத்தான் தனித்தனி ஹெடர் வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். முன் ஃபேனும் பின் ஃபேனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுகின்றன. இரண்டு தம்புராவில் சுருதி மயிரிழை விலகினால் அலை அலையாகக் கேட்குமே, அதுதான். முன்னதைக் குறைத்துப் பின்னதை 100 சுற்றாவது கூட்டி வையுங்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

தம்புரா உதாரணம் மிகச் சரி. கணக்கும் சொல்கிறேன்: 700, 715 சுற்றில் இரண்டு ஏழு இறக்கை ஃபேன் ஓடினால் நொடிக்கு ஒன்றேமுக்கால் முறை அந்த அலை வரும். 100 சுற்று விலக்கினால் நொடிக்குப் பதினொன்றுக்கு மேல் போய்விடும், ஏற்ற இறக்கமாகக் காதுக்குத் தெரியாது.

பாட்டிகதை எழுதியது:

முன் ஃபேன் 610, பின் ஃபேன் 730. தாலாட்டு நின்றுவிட்டது. கோட்டையும் நீங்கள் சொன்னபடியே வரைந்துவிட்டேன். ஒரு இடத்தில் திணறினேன்: பின் ஃபேன் ஹெடர் ‘ஆட்டோ’வில் இருந்தது, வேகம் குறையவே இல்லை. அதை டிசி என்று மாற்றியதும் சட்டென்று அடங்கியது. கேபினெட்டோடு வந்த ஃபேன், மூன்று பின். உங்கள் கதையைப் படிக்காமல் இருந்திருந்தால் ஃபேன் பழுது என்று கடைக்குக் கொண்டுபோயிருப்பேன்.

அறை 32 டிகிரி. பதிவின்போது பிராசசர் 44 முதல் 47. ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்தேன்: -63. 120-இல் ஊசி இல்லை, 231-இல் இல்லை. 85-ஐ ஒட்டி ஒரு சின்ன மேடு மட்டும். பின் ஃபேன்தானே ஐயா, 730-ஐ 60-ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் 85.

நேற்று இரவு காக்கா கதையை முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். வாயைத் திறக்கும் இடத்தில் இரண்டு நொடி அல்ல, மூன்று நொடி விட்டேன். காலையில் பெரியவளுக்குப் போட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

பின் ஃபேன்தான் அம்மா. மனம் நிறைந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டி ஒன்று போட்டுவிடுங்கள், தெருவில் போகும் லாரியின் உறுமலும் போய்விடும். அதற்கு மேலே ஏற்றாதீர்கள், பாட்டி குரலில் பேசும்போது குரலின் கனம் குறைந்துவிடும்.

பழைய_பெஞ்ச் எழுதியது:

கடைக்காரன் என்கிற முறையில் ஒன்று கேட்டுக்கறேன் சகோ. பிராசசர் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்க, மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது மெல்லிசா ‘கீச்’ன்னு வருதா? போர்டில் இருக்கிற காயில்களிலிருந்து சில சமயம் வரும். அது ஒரு போர்டுக்கும் அதே மாடலின் இன்னொரு போர்டுக்கும் மாறும், மேனுவலில் இருக்காது. வந்தால் மாற்றிக் கொடுக்கும் நாட்களுக்குள்ளேயே கொண்டுபோயிடுங்க.

பாட்டிகதை எழுதியது:

கேட்டேன் அண்ணா. காதை ஒட்டி வைத்தால் மிக லேசாக இருக்கிறது. மைக் இருக்கும் இடத்தில் இல்லை. ஸ்பெக்ட்ரத்திலும் தெரியவில்லை.

தறிச்சத்தம் எழுதியது:

அப்படியானால் விட்டுவிடலாம். ஏப்ரலில் அறை 36-க்குப் போகும்போது ஒருமுறை வெப்பத்தைப் பாருங்கள். பதிவு நேரத்தில் 55 தாண்டாமல் இருந்தால் கோட்டைத் தொட வேண்டாம். தாண்டினால் முதலில் முன் வலையில் இருக்கும் தூசியைத் தட்டுங்கள்.